பாதிப் புள்ளி இல்லாத தகடு

ரூபன் என்னிடம் கேட்டது வேறு கட்டுரை.

"சேர், ஒரே தகட்ட ஏழு முக்கோணமா வெட்டின அந்தக் கதைய எழுதித் தாங்க. புதுசா வந்த பெடியனுகளுக்கு வாசிச்சுக் காட்டப் போறன்" என்றுதான் சொன்னான். நான் முப்பத்தொரு வருடம் வேலை செய்த இரும்புப் பட்டறைக்கு இப்போது அவன்தான் பொறுப்பு. எங்கள் ஊர்ப் பிள்ளை; என் மனைவி தவமணியிடம் படித்தவன். எங்கள் ஊர் வாவித் துறையில் பாலம் கட்டி முடிகிற நேரம், அங்கே ஓடிய மிதவையான பழைய பாதையைக் கரைக்கு இழுத்து வெட்டிவிடலாம் என்று முடிவான கிழமையில் இதைக் கேட்டான். நான் கீறிய அந்தப் படம் இன்னும் பட்டறைக் கந்தோர் அறைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறதாம். எனக்குப் பெருமையாக இல்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு பக்கம் எழுதியும் விட்டேன். அதன் பிறகு பாதையை வெட்டுகிற இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்து அடுப்பில் போட்டேன். இது மறுபடி எழுதியது.

மட்டக்களப்பு வாவியைப் பார்க்காதவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது எழுவான்கரை. பட்டினம், ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடங்கள், எங்கள் பட்டறை எல்லாம் அங்கே. வாவிக்கு மேற்கே, வயல்களும் எங்கள் ஊர்களும் இருப்பது படுவான்கரை. ஆளையும் சைக்கிளையும் உழவு மிசினையும் ஏற்றிக்கொண்டு இரண்டு கரைக்கும் நடுவே போய்வரும் தட்டையான இரும்பு மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். உள்ளே காற்று அடைத்த இரும்புப் பெட்டி, மேலே ஆட்கள் நிற்கும் தட்டு, அவ்வளவுதான். பாதை திரும்பிப் போவதில்லை. போன முகமாகவே பின்னால் வரும். அதனால் அதன் நாலு மூலைக்கும் நிலையான திசை உண்டு. என் கதை எழுவான்கரைப் பக்கத்துத் தெற்கு மூலையில் நடக்கிறது.

நான் பட்டறைக்குப் போனது பத்தொன்பது வயதில். முதல் இரண்டு வருடம் துரு சுரண்டினேன். அடுத்த இரண்டு வருடம் சாமான் தூக்கினேன். அதன் பிறகுதான் அளந்து கோடு போடும் வேலை கிடைத்தது. என்னை அதில் விட்டவர் லத்தீப் போர்மன்.

அவர் ஏறாவூர்க்காரர். மெலிந்த ஆள். வெள்ளைச் சேட்டுப் பையில் எப்போதும் ஒரு சோக்குக் கட்டி இருக்கும். ஏச மாட்டார், கை ஓங்க மாட்டார், சத்தமே போட மாட்டார். அதனால்தான் எங்களுக்கு அவரிடம் அவ்வளவு பயம். தகடு பிழைத்தால் அதைத் தூக்கி ஒரு தரம் பார்ப்பார், மறுகா நம்மை ஒரு தரம் பார்ப்பார், பிறகு அதைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போவார். அது அங்கேயே இருக்கும், மாதக் கணக்கில். போகும்போதும் வரும்போதும் நாம் செய்த பிழை நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

தகட்டில் கோடு போட்டதும் கூர் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி, கோட்டின் மேல் அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளி குத்துவோம். சோக்குக் கோடு தீயில் மறைந்துபோகும், குத்திய புள்ளி மறையாது. காஸ் கட்டரால் வெட்டும்போது தீ ஒரு நெற்கதிர்த் தண்டு அகலத்துக்கு இரும்பைத் தின்னும். அதனால் தீயைக் கோட்டுக்கு மேலே நடத்தக் கூடாது. கோட்டுக்கு ஒரு பக்கம் நமக்கு வேண்டிய தகடு, மறு பக்கம் கழிவு. தீ கழிவுப் பக்கமாகப் போக வேண்டும். ஒழுங்காக வெட்டினால் ஒவ்வொரு புள்ளியிலும் பாதி நம்முடைய தகட்டின் விளிம்பில் மிஞ்சியிருக்கும். லத்தீப் போர்மன் பெருவிரல் நகத்தால் விளிம்பைத் தடவிக்கொண்டு போவார். நகத்தில் பாதிப் புள்ளி டிக் டிக் என்று தட்டினால் தகடு சரி. கண்ணால் பார்க்கவே மாட்டார்.

சண்டைக்காலம் அது. ஐப்பசி தொடங்கும்போது, விதைநெல் மூட்டை ஏற்றிய மிசின் ஒன்று பிறேக் பிடிக்காமல் பாதையில் பாய்ந்து ஏறியதில், பாதை துறைக் கல்லில் போய் மோதியது. தெற்கு மூலை நசுங்கிப் போயிற்று. பாதை நின்றது. படுவான்கரையில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களைத் தோணியில் ஏற்றினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை. வடக்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை விழுந்து வாவி பெருகினால் தோணியும் ஓடாது.

லத்தீப் போர்மன் என்னை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

"மனே, இதுக்கு ஏழு தகடு வேணும். மேல மூடுறதுக்குப் பெரிசா ஒண்டு. உள்ளுக்குத் தாங்கிப் பிடிக்க ஆறு. எல்லாம் முக்கோணம். ரெண்டு காலும் ஒரே நீளம், நடுவில சரியான மூலைமட்டம், தொண்ணூறு பாகை. அதில விட்டுக்குடுப்பு இல்ல."

"எல்லாம் ஒரே அளவோ போர்மன்?"

"ஒண்டுக்கொண்டு ஒரே அளவா இரிக்கப்படா. மூலை சரிஞ்சு சரிஞ்சு வாற இடம் இது. ரெண்டு ஒரே அளவா வந்தா அதில படி மாதிரி நிண்டுரும். அலை அதிலதான் அடிக்கும்."

"தகடு எத்தின இரிக்கு?"

அவர் ஒரு விரலைக் காட்டினார்.

இரும்புத் தகடு கொண்டுவர அனுமதி எடுக்க வேண்டிய காலம். எடுத்தாலும் வந்து சேர மாதங்கள் ஆகும். இருந்தது ஒரு பழைய தண்ணீர்த் தாங்கியின் அடித்தட்டு மட்டும். கால் அங்குலக் கனம், நல்ல இரும்பு. மூன்றரை அடிக்கு மூன்றரை அடி, சரியான சதுரம். அதைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது காவலரணில் நிறுத்தி, எதற்கு, எங்கே, யாருக்கு என்று ஒரு மணித்தியாலம் வெயிலில் வைத்துக் கேட்டார்கள். நான் பாதை, பாதை என்று கையால் வாவியைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒருவன் சிரித்துக்கொண்டே போகச் சொன்னான். அன்றைக்கு அதுதான் பெரிய பயம் என்று நினைத்தேன்.

"அளவ நீ சொல்லு. நீ சொல்ற அளவுக்கு உள்ளுக்குச் சட்டத்த நான் வைக்கிறன்" என்றார் போர்மன். "ஆனா இந்த ஒரு தகட்டுக்குள்ள முடிச்சிரு."

சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினால் ஒரே அளவில் இரண்டு முக்கோணம். ஒன்றை மேல் மூடிக்கு எடுத்துக்கொள்ளலாம். மற்றதை ஆறாக்க வேண்டும். அதை நடுவால் வெட்டினால் மறுபடி ஒரே அளவில் இரண்டு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினால் அப்போதும் இரண்டு. எத்தனை தரம் பாதியாக்கினாலும் கடைசியில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அளவில் இரண்டு மிஞ்சிப்போகும். என் மனைவி தவத்தின் கட்டக் கொப்பி ஒன்றை எடுத்து, பக்கத்துக்கு ஏழு கட்டமாகச் சதுரம் கீறிக் கீறி அழித்தேன். ஒரு கட்டம் ஆறு அங்குலம் என்று கணக்கு. மூன்று நாள் சோறு எப்படி இறங்கிற்று என்றே தெரியாது.

"இஞ்ச பாருங்க, அந்தக் கொப்பி புள்ளையளுக்கு வேணும், முழுக்க முடிச்சிராதீங்க" என்று தவம் சொன்னபோதுதான், நடுவால் வெட்டாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. பாதி முக்கோணத்தின் கூர் முனையில் இருந்து நாலாவது கட்டத்தில் நேராக ஒரு கோடு போட்டேன். நாலு கட்டக் காலோடு ஒரு முக்கோணம் கழன்று வந்தது. மிஞ்சியதன் மேல் பக்கத்தில் இன்னொன்று சாய்ந்தபடி சரியாகப் பொருந்தியது. அடியில் மிஞ்சிய துண்டு தானாகவே நாலாகப் பிரிந்தது. அரைக் கட்டங்களாக எண்ணினேன். பதினெட்டு, பதினாறு, எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. கூட்டினால் நாற்பத்தொன்பது. மூடிக்கு எடுத்த பாதியும் நாற்பத்தொன்பது. ஏழு முக்கோணம், ஒன்று போல் மற்றொன்று இல்லை, ஒரு துண்டு கழிவும் இல்லை.

ஐயோ, அன்று எனக்கு வந்த சந்தோசம்! கொப்பியைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடினேன். லத்தீப் போர்மன் படத்தை நெடுநேரம் பார்த்தார். விரலால் ஒவ்வொரு கோடாக நடந்து பார்த்தார். "கழிவே இல்லியா?" என்று கேட்டார். "துளியும் இல்ல போர்மன்" என்றேன். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அளவுகளைச் சோக்கால் தன் அளவுத் தடியில் எழுதிக்கொண்டார்: நாற்பத்திரண்டு, இருபத்தைந்தரை, இருபத்திநாலு, பதினேழு, பன்னிரண்டு, எட்டரை, ஆறு. அந்த அளவுக்கே உள்ளே சட்டங்களை உருக்கி ஒட்டி வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை தகட்டை வெட்டத் தொடங்கினேன்.

இனி எழுதுவதைச் சரியாக எழுத வேண்டும். முதலில் மூலைக்கு மூலை வெட்டினேன். மூடித் தகட்டின் விளிம்பில் பாதிப் புள்ளி மிஞ்ச வேண்டும் என்று தீயை மறுபக்கமாக நடத்தினேன். அடுத்து இருபத்தைந்தரை அங்குலத் தகடு. அதிலும் அப்படித்தான். அடுத்து இருபத்திநாலு. ஒவ்வொரு தகட்டையும் வெட்டி எடுக்கும்போது என் கை, பழகின பழக்கத்தில், தீயை மிஞ்சி நிற்கிற இரும்பின் பக்கமாகவே கொண்டுபோயிற்று. இத்தனை வருடமாக மிஞ்சி நிற்பது கழிவுதானே. கழிவே இல்லாத தகடு என்று பெருமை பேசினவன், அப்படியென்றால் தீ தின்பது யாருடைய இரும்பு என்று ஒரு கணம் யோசிக்கவில்லை. ஆறு அங்குலத்தை எடுத்தேன், எட்டரையை எடுத்தேன், பன்னிரண்டை எடுத்தேன். கடைசியாகக் கையில் மிஞ்சியது பதினேழு அங்குலத் தகடு. தகட்டின் நடுவில் இருந்த துண்டு அது. சதுரத்தின் விளிம்பு அதற்கு ஒரு பக்கமும் இல்லை. மூன்று பக்கமும் மற்றவற்றுக்காகத் தீ அதைத் தின்றிருந்தது.

அளந்தேன். மறுகா அளந்தேன். கிட்டத்தட்ட அரை அங்குலம் குறைவு. விளிம்பைத் தடவினேன். ஒரு புள்ளிகூட நகத்தில் தட்டவில்லை.

மற்றவற்றிலும் ஏதோ ஒரு பக்கம் கொஞ்சம் போயிருந்தது, ஒட்டும்போது சமாளிக்கலாம். இதைச் சமாளிக்க வழியே இல்லை. இதன் முனை போய்ப் பிடிக்க வேண்டிய சட்டம் என் அளவுக்கே ஏற்கெனவே ஒட்டியாயிற்று. வேறு தகடு இல்லை. பின்னேரம் பாதை ஓடும் என்று இரு கரைக்கும் சொல்லியாயிற்று. துறையில் சனம் சேர்ந்துவிட்டது. லத்தீப் போர்மன் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார்.

இடைவெளியில் கட்டிடக் கம்பி ஒன்றை வெட்டி வைத்து, மேலால் ஒட்டி மூடிவிடுவது ஒரு களவு. தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் செய்ததாகச் சொல்ல மாட்டார்கள். வெளியே பார்த்தால் நல்ல ஒட்டு. உள்ளே கம்பி சும்மா கிடக்கும். பிடிப்பு மேல்தோலில் மட்டும்தான். நான் அரை அங்குலக் கம்பியை வைத்து ஒட்டினேன். சுத்தியலால் தட்டி ஒப்புரவாக்கினேன். சிவப்புப் பெயின்ற் அடித்தேன். பெயின்ற் சேட்டில் எல்லாம் சிந்தியது.

போர்மன் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டே வந்தார். மூடியைத் தூக்கி வைக்க ஆட்கள் சங்கிலியோடு நின்றார்கள்.

"ஆறிலயும் பாதிப் புள்ளி இரிக்கா மனே?"

"ஓம் போர்மன்."

அவர் பெருவிரலை நீட்டிக்கொண்டு குனிந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப மூடு" என்றார். அவ்வளவு காலத்தில் அவர் தொட்டுப் பார்க்காமல் விட்டது அந்த ஒரு நாள்தான். மூடியைச் சுற்றிவர ஒட்டினோம். காற்று அடைத்த பெட்டி; ஒட்டினால் ஒட்டியதுதான், உள்ளே பார்க்க வாசல் கிடையாது.

அன்று பின்னேரம் பாதை ஓடியது. சனம் கைதட்டியது. நான் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

தவம் தினமும் காலை ஆறரைப் பாதையில் எழுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். எங்கள் பக்கத்துப் பெரிய வகுப்புப் பிள்ளைகளும் அவளோடுதான் போவார்கள். எனக்கு வேலை எட்டு மணிக்கு. அதுவரை ஏழரைப் பாதையில் போய்க்கொண்டிருந்த நான், திங்கட்கிழமை முதல் ஆறரைக்கு மாறினேன். போய்த் தெற்கு மூலையில், அந்தப் பதினேழு அங்குலத் தகட்டுக்கு நேர் மேலே நின்றேன். ஏன் என்று கேட்டால் இப்போதும் ஒழுங்காகப் பதில் சொல்ல வராது. உடைந்தால் முதலில் எனக்குத் தெரிய வேண்டும், போனால் முதலில் நான் போக வேண்டும் என்று ஒரு நினைப்பு. அதை நேர்மை என்றுகூட எண்ணிக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அதற்குத் தைரியம் வரவில்லை.

"என்ன மச்சான், டீச்சர ஆரும் தூக்கிக்கொண்டு போயிருவான் எண்டு பயமோ?" என்று பாதை ஓட்டுகிற வேலுப்பிள்ளை ஒவ்வொரு நாளும் பகிடி விடுவான்.

"ஓமோம், முக்கியமா உன்னிலதான் பயம்" என்பேன். சனம் சிரிக்கும். தவம் வெட்கப்பட்டுக் குடையால் முகத்தை மறைப்பாள். என் உள்ளங்கால் மட்டும் சப்பாத்துக்குள் வியர்த்துக்கொண்டு, தட்டு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் நிற்கும் இடத்தில் கூட்டமும் சேரும். யாராவது சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பார்கள். தவம் பிள்ளைகளைக் கூட்டி வந்து என்னைச் சுற்றி நிறுத்தி எண்ணுவாள். நான் நல்ல மனிதன் என்பதால் வருகிறார்கள் என்று நினைத்தேன். பயத்துக்குத் துணை கிடைத்த மாதிரியும் இருந்தது.

அடுத்த வருடம் கார்த்திகையில் ஒரு காலை. வாடைக்காற்று வாவியைக் கிளப்பிவிட்டிருந்தது. மேல்தட்டில் தண்ணீர் ஏறி வழிந்தது. உரமூட்டை ஏற்றிய மிசின் ஒன்று நடுவில் நின்றது. பிள்ளைகள் பயத்தில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு என் காலடியில் நெருக்கி நின்றார்கள். பாதி வாவி கடந்திருப்போம். ஓர் அலை மூலையில் அடித்தது. அடுத்த கணம் என் காலுக்குக் கீழே, உள்ளே, 'டங்' என்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம் அது?" என்றாள் தவம்.

"சங்கிலி" என்றேன்.

மூலை தாழ்கிறதா என்று தண்ணீர் மட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கரை வருவதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அன்றைக்கே, தெற்கு மூலையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சேட்டுப் பையில் வைத்தேன். கொடுத்தால் லத்தீப் போர்மன் ஏன் என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியை நினைத்து நினைத்து நாள் போயிற்று. கடைசியில் தவம் சேட்டைத் தோய்க்கும்போது பையில் இருந்து கரைந்த கடதாசியை எடுத்து, "இதென்ன, முக்கியமான கடதாசியோ?" என்றாள். "இல்ல" என்றேன். பாதை தொடர்ந்து ஓடியது. நானும் தொடர்ந்து அந்த மூலையில் நின்றேன்.

லத்தீப் போர்மன் ஓய்வு பெற்ற பிறகு சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் கண் தெரியாமல் போனார். இந்த முறை சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன். அவர் என் கையைப் பிடித்து, பழக்கத்தில், என் விரல் நகங்களைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"பாதை ஓடுதா மனே?"

"ஓடுது போர்மன்."

"அந்த மூலை?"

"நிக்கிது."

"நீ செஞ்ச வேலை எண்டா நிக்கும்" என்றார். அதற்கு மேல் நான் எப்படிச் சொல்வது? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அந்த வருடமே அவர் மௌத்தானார். கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆளும் போய்விட்டார் என்று எனக்குள் ஓர் ஓரத்தில் ஆறுதல் வந்ததையும் எழுதிவிட வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் பாதையைக் கரையில் இழுத்து வைத்து வெட்டினார்கள். ரூபன் எனக்குக் கதிரை போட்டு வைத்திருந்தான். தெற்கு மூலையின் மூடியை என் முன்னால்தான் கழற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நிறுத்தி வைத்திருந்தான், மரியாதைக்கு. சங்கிலி போட்டு மூடியைத் தூக்கினார்கள். பழைய துரு வாடை முகத்தில் அடித்தது. எட்டிப் பார்த்தேன்.

ஐந்து தகடு அதனதன் இடத்தில் நின்றது. ஆறாவது இடத்தில் ஒன்றும் இல்லை. பல் விழுந்த ஈறு மாதிரி ஒட்டின் தழும்பு மட்டும் இருந்தது. அதற்குள்ளே என் கம்பி. தகடு அடியில் கிடந்தது. முறிந்த வாய் முழுக்கக் கறுத்த பழைய துரு. நேற்றோ போன வருடமோ முறிந்தது அல்ல. அந்த வாடைக்காற்றுக் காலையில் முறிந்தது. அதன் பிறகு இத்தனை வருடமும் அந்த மூலையை மூடியும் மற்ற ஐந்தும் எப்படியோ பிடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. நான் நின்றது தகட்டின் மேல் அல்ல, அது விழுந்த ஓட்டையின் மேல்.

இனி அந்தப் பாதையில் ஒருவரும் தாழப் போவதில்லை. அது வெறும் பழைய இரும்பு. ஆனால் அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பயந்ததெல்லாம் வெறும் பயம் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் இத்தனை காலம் உயிரோடு இருந்திருக்கிறேன் போல.

ரூபன் உள்ளே குதித்துத் தகட்டை எடுத்தான். பெருவிரல் நகத்தால் விளிம்பைத் தடவினான். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து அவனுக்குப் போனது.

"சேர், இதில புள்ளியே இல்லியே."

"துரு திண்டிருக்கும்" என்றேன்.

"மத்ததுகள்ல இரிக்கு சேர்."

"இது அடியில கிடந்ததுதானே. கரைக்கு இழுக்கேக்க அடிபட்டு விழுந்திருக்கும்."

"ஓம் சேர், இருக்கும்" என்றான் உடனே. நான் சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் இல்லை. தகட்டைச் சாக்கில் சுற்றி, "ஞாபகமா வெச்சுக்கொள்ளுங்க சேர், உங்கட வேலை" என்று என் சைக்கிளில் கட்டிவிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது தவம் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். சாக்கை அவிழ்த்துத் தகட்டை அவளுக்கு முன்னால் நிலத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, போர்மன், 'டங்' என்ற சத்தம், கரைந்துபோன கடதாசி. ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மூலையில ஏன் நிக்கிறீங்க எண்டு நான் ஒரு நாளும் கேக்கல்ல" என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

"என்ன தெரியும்?"

"பாதையச் செஞ்ச ஆள் நாள் தவறாம வந்து நிக்கிற இடம். அதுதான் பலமான இடமாக்கும் எண்டு நினைச்சன். நான் மட்டுமா, ஊரே அப்பிடித்தான் நினைச்சுது. அதாலதான் புள்ளையள எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு உங்களுக்குப் பக்கத்தில நிப்பாட்டினன். காத்துக் கூடின நாள்ல இன்னும் நெருக்கி நிப்பாட்டினன்."

பாதையில் அவ்வளவு இடம் இருந்தது. நான் அந்த மூலையை விட்டு வேறெங்காவது நின்றிருந்தால், ஊரின் பாரம் அந்த ஒட்டின் மேல் ஒரு நாளும் ஏறியிருக்காது.

"அண்டைக்கு அந்தச் சத்தம் கேட்ட நேரம் ஆரார் நிண்ட எண்டு எனக்கு இன்னும் ஞாபகம் இரிக்கு" என்றாள். மீன் செதிள் ஒட்டிய விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள். "சுமதி. அவள்ர தங்கச்சி. பெரியவட்டைப் புள்ளையள் மூண்டு. காது கேளாத சந்திரன். கமலா." சொல்லிக்கொண்டே போனாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் வந்தது. எல்லாரும் இப்போது தாயும் தகப்பனுமாக இருக்கிறார்கள். பதினாலாவது பெயரில் நின்று என்னைப் பார்த்தாள்.

"கடைசியா ரூபன். பயத்தில உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான்."

ரூபன், நீ கேட்ட கட்டுரை இது. பெடியன்களுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டு. கந்தோரில் தொங்குகிற படத்தைக் கழற்ற வேண்டாம். கணக்கில் பிழை இல்லை. அதற்குப் பக்கத்தில் சுவரோரமாக இந்தத் தகட்டைச் சாய்த்து வை. நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன். உன்னிடம் நான் சொன்னது பொய். அந்தப் புள்ளிகளைத் துரு தின்னவில்லை.